கடனை அடைப்பதா, காட்டைக் காப்பதா? இரண்டும் ஒரே கணக்கு என்ற தாமஸ் சங்காராவின் கதை

1987 ஜூலை 29. எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாடு. கண்டத்தின் தலைவர்கள் கூடியிருந்த அரங்கில் 37 வயதுக்காரர் ஒருவர் பேச எழுந்தார். பெரிய நாட்டுத் தலைவர் எல்லாம் கிடையாது. கடலே இல்லாத, வறட்சியில் வெந்துகொண்டிருந்த, உலகின் பரம ஏழை நாடுகளில் ஒன்றான புர்கினா பாசோவின் அதிபர். பெயர் தாமஸ் சங்காரா.

அவர் சொன்னது இதுதான்: ஆப்பிரிக்கா தன் தலைமேல் இருக்கும் வெளிநாட்டுக் கடனைக் கட்டக் கூடாது. கட்டாவிட்டால் கடன் கொடுத்தவர்கள் செத்துவிட மாட்டார்கள், கட்டினால் நம் மக்கள் செத்துப்போவார்கள் என்பது அவர் வாதம். கூடவே இன்னொன்றும் சொன்னார். மறுப்பதென்றால் எல்லாரும் சேர்ந்து மறுக்க வேண்டும். புர்கினா பாசோ மட்டும் தனியாக மறுத்தால் அடுத்த மாநாட்டில் தன்னைப் பார்க்க முடியாது என்றார். அரங்கில் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன.

அன்றிலிருந்து 78வது நாள், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கடனை முதலில் கவனிப்பதா, பருவநிலையை முதலில் கவனிப்பதா என்று இன்றைக்கு உலகம் முழுக்க அரசியல்வாதிகள் மோதிக்கொள்கிறார்கள். ஒரு தரப்பு, பேரப்பிள்ளைகள் தலையில் கடனை ஏற்றாதீர்கள் என்கிறது. இன்னொரு தரப்பு, அதே பேரப்பிள்ளைகளுக்கு கொதிக்கிற பூமியை விட்டுச் செல்லாதீர்கள் என்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தப்பு என்று 40 வருடங்களுக்கு முன்பே தன் ஆட்சியின் மூலம் வாதாடியவர் சங்காரா. அவர் ஆட்சியில் இருந்தது வெறும் 4 ஆண்டுகள். அதில் ஜெயித்தது என்ன, தோற்றது என்ன?

யார் இந்த சங்காரா?

1949 டிசம்பர் 21 அன்று யாக்கோ என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது அந்த நாட்டுக்குப் பெயர் அப்பர் வோல்டா. பிரான்ஸின் காலனி. அப்பா ஜோசப், இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்துக்காகப் போன மனிதர். பிறகு ஆயுதப்படை போலீஸில் வேலை. அதனால் குடும்பம் தெற்கில் உள்ள காவா என்ற ஊருக்கு இடம் பெயர்ந்தது. கத்தோலிக்கக் குடும்பம். பையன் பாதிரியார் ஆக வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. பையனோ ராணுவப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்.

1960ல் நாடு சுதந்திரம் அடைந்தது. கொடி மாறியதே தவிர கஜானா மாறவில்லை. விற்க இருந்தது கொஞ்சம் பருத்தி, கொஞ்சம் கால்நடை. பிழைப்புக்காக லட்சக்கணக்கானோர் பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட்டின் கோகோ தோட்டங்களுக்குப் போனார்கள்.

அதிகாரிப் பயிற்சிக்காக இளம் சங்காரா மடகாஸ்கர் தீவுக்கு அனுப்பப்பட்டார். அவரை மாற்றியது அந்தத் தீவுதான். அங்கே விவசாயிகளும் மாணவர்களும் கிளர்ந்தெழுந்து, பிரான்ஸுக்கு நெருக்கமான அரசை 1972ல் வீட்டுக்கு அனுப்பியதை நேரில் பார்த்தார். சீருடைக்காரனுக்குத் துப்பாக்கி மட்டும் தெரிந்தால் போதாது, அரசியலும் மண்ணும் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினார்.

திரும்பி வந்தபோது ஊர் எப்படி இருந்தது?

காய்ந்து கிடந்தது. சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே, மேற்கிலிருந்து கிழக்காக ஆப்பிரிக்காவின் குறுக்கே ஓடும் வறண்ட பட்டைக்கு சாஹேல் என்று பெயர். புர்கினா பாசோவின் வடபகுதி அதில் அடங்கும். 1960களின் கடைசியில் தொடங்கிய பெரும் வறட்சி 1970களின் நடுப்பகுதி வரை அந்தப் பட்டையை உலுக்கியது. கால்நடைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மக்கள் ஊரைக் காலி செய்து தெற்கே நடந்தார்கள். வறட்சியை எதிர்கொள்ள சாஹேல் நாடுகள் சேர்ந்து 1973ல் ஒரு கூட்டுக் குழுவையே அமைத்தன. அதன் தலைமையகம் வைக்கப்பட்டது புர்கினாவின் தலைநகர் வாகடூகுவில்தான்.

1974 கடைசியில் மாலி நாட்டுடன் எல்லைச் சண்டை. அதில் காட்டிய துணிச்சலால் சங்காரா நாடு முழுக்கப் பேசப்பட்டார். ஆனா, ஏழையும் ஏழையும் மோதிக்கொண்ட அந்தச் சண்டையை உபயோகமில்லாத ஒன்று என்றே பின்னாளில் அவர் கருதினார்.

1976ல் போ என்ற ஊரில் இருந்த கமாண்டோ பயிற்சி மையத்துக்குத் தலைவரானார். அந்தக் காலத்தில்தான் பிளேஸ் கம்பாவோரே என்ற இன்னொரு இளம் அதிகாரி நெருங்கிய நண்பரானார். சங்காராவின் பெற்றோர் கம்பாவோரேயைத் தங்கள் பிள்ளை மாதிரியே நடத்தினார்கள். இந்தப் பெயரை மறக்க வேண்டாம்.

கிட்டார் வாசிப்பார், மோட்டார் சைக்கிளில் சுற்றுவார், நகைச்சுவையாகப் பேசுவார். 1981ல் தகவல் துறைப் பொறுப்பு கிடைத்தபோது அமைச்சரவைக் கூட்டத்துக்கு சைக்கிளில் போனார். சில மாதங்களிலேயே அரசோடு ஒத்துப்போகாமல் பதவியைத் தூக்கி எறிந்தார். 1983 ஜனவரியில் பிரதமர் ஆனார். மே மாதம் பதவி பறிக்கப்பட்டுக் கைதும் செய்யப்பட்டார். தலைநகரில் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். 1983 ஆகஸ்ட் 4 அன்று கம்பாவோரே தலைமையில் போ முகாமின் வீரர்கள் தலைநகருக்குள் நுழைந்து ஆட்சியைக் கைப்பற்றினார்கள். 33 வயதில் சங்காரா அதிபர்.

சரியாக ஒரு வருடம் கழித்து நாட்டின் பெயரையே மாற்றினார். மோரே, டியூலா என்ற இரண்டு உள்ளூர் மொழிகளின் சொற்களைச் சேர்த்து உருவான பெயர், புர்கினா பாசோ. நேர்மையான மனிதர்களின் நாடு என்று அர்த்தம்.

கடன் எப்படி வந்தது?

இதைப் புரிந்துகொள்ள 1970களுக்குப் போக வேண்டும். 1973ல் எண்ணெய் விலை எகிறியதும் எண்ணெய் வள நாடுகளின் பணம் மேற்கத்திய வங்கிகளில் குவிந்தது. பணம் சும்மா கிடக்கக் கூடாதே! ஏழை நாடுகளுக்குக் கடன் தாராளமாகக் கிடைத்தது. வட்டி அப்போது குறைவு. வளர்ந்த நாடுகளின் அரசுகளும் சர்வதேச அமைப்புகளும் தங்கள் பங்குக்குக் கடன் கொடுத்தன.

1979க்குப் பிறகு நிலைமை தலைகீழ். விலைவாசியைக் கட்டுப்படுத்த அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றியது. ஒரு கட்டத்தில் அது 20 சதவீதத்தைத் தொட்டது. உலகமெங்கும் கடன் வட்டி கூடியது. அதே நேரத்தில் பருத்தி, கோகோ, செம்பு என ஏழை நாடுகள் விற்கும் பொருட்களின் விலை இறங்கியது. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ, இனி தவணை கட்ட முடியாது என்று கையை விரித்தது. அதன்பின் ஒரு நாடு மாற்றி ஒரு நாடு சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் நின்றது.

நிதியம் பணம் தந்தது, கூடவே நிபந்தனைகளும் தந்தது. அரசுச் செலவைக் குறை, மானியத்தை வெட்டு, ஏற்றுமதியைக் கூட்டு. கட்டமைப்புச் சீர்திருத்தம் என்று இதற்குப் பெயர்.

கடனுக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்?

வெளிநாட்டுக் கடனை உள்ளூர்ப் பணத்தில் கட்ட முடியாது. டாலரோ பிராங்கோ வேண்டும். அது வேண்டுமென்றால் ஏற்றுமதி செய்ய வேண்டும். புர்கினா மாதிரி நாட்டில் ஏற்றுமதிக்கு இருப்பது பருத்தி.

பருத்திக்கு நல்ல நிலத்தை ஒதுக்கினால் கம்பும் சோளமும் எங்கே போகும்? வளம் குறைந்த நிலத்துக்குப் போகும். முன்பெல்லாம் சில வருடம் தரிசாகப் போட்டு ஓய்வு கொடுத்த மண்ணில் வருடா வருடம் உழவு ஓடும். புது நிலத்துக்காக மரங்கள் விழும். சமையலுக்கு விறகைத் தவிர வேறு வழியில்லாததால் இருக்கிற மரமும் அடுப்புக்குப் போகும். மரம் போனால் காற்று மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகும். மழை பெய்தாலும் தண்ணீர் நிலத்தில் இறங்காமல் ஓடிவிடும். விளைச்சல் குறையும். வெளிநாட்டிலிருந்து தானியம் வாங்க வேண்டி வரும். அதுக்கு மறுபடியும் கடன்.

கடன் மண்ணைத் தின்கிறது. மண் போனால் கடன் கூடுகிறது. இந்த வட்டத்தைத்தான் சங்காரா பிடித்துக்கொண்டார்.

பருவநிலை மாற்றம் என்ற சொல் அன்றைக்கு அரசியல் மேடைகளில் பழக்கமாகவில்லை. பருவநிலை பற்றிய ஐ.நா.வின் விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசி உருவானதே அவர் இறந்த அடுத்த வருடம், 1988ல்தான். சங்காரா பேசியது பாலைவனம் விரிவதைப் பற்றி. சாஹேல் வறட்சிக்கு உள்ளூர் மக்கள் மரம் வெட்டியதும் ஆடு மேய்த்ததும்தான் காரணம் என்று அப்போது பலரும் நம்பினார்கள். பிற்கால ஆய்வுகள் வேறு படத்தைக் காட்டின. கடல்நீரின் வெப்பநிலை மாறியதுதான் மழையைத் தள்ளிவிட்ட முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. ஐரோப்பா, வட அமெரிக்காவின் ஆலைகள் கக்கிய கந்தகப் புகைக்கும் அதில் பங்கு உண்டு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது, கடன் வந்த அதே திசையிலிருந்து வறட்சியின் ஒரு பகுதியும் வந்திருக்கிறது.

அவர் என்னதான் செய்தார்?

முதல் வேலை, கடன் தேவையைக் குறைப்பது. அரசின் மெர்சிடிஸ் கார்களை விற்றார். அமைச்சர்களுக்கு விலை குறைந்த ரெனோ 5 கார் கொடுக்கப்பட்டது. அதிகாரிகளின் சம்பளமும் சலுகையும் வெட்டப்பட்டன. அரசு ஊழியர்கள் ஃபாசோ டான் ஃபானி என்ற உள்நாட்டுக் கைத்தறித் துணியை உடுத்த வேண்டும் என்றார். காரணம் எளிமை மட்டும் கிடையாது. விளைந்த பருத்தியைப் பஞ்சாக வெளியே அனுப்பி, துணியாகத் திரும்ப வாங்கினால் லாபம் யாருக்கு என்ற கணக்குதான் அது.

1984 கடைசியில் சில வாரங்களுக்குள் 20 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு தட்டம்மை, மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்டது. நாட்டின் மொத்த மக்கள்தொகையே அப்போது 80 லட்சம்தான். வடக்கே கனிமம் உள்ள தம்பாவோ நோக்கி ரயில் பாதை போட வெளியிலிருந்து நிதி கிடைக்கவில்லை. அதற்காகத் திட்டத்தைக் கைவிடவில்லை. 1985ல் மக்களே மாறி மாறி வந்து தண்டவாளம் பதித்தார்கள். வாகடூகுவிலிருந்து காயா வரை சுமார் 100 கிலோமீட்டர் பாதை அப்படி உருவானதுதான்.

அடுத்தது, மண். 1985 ஏப்ரலில் மூன்று போராட்டங்கள் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. கண்டபடி மரம் வெட்டுவதை நிறுத்துவது, காட்டுத்தீ வைப்பதைத் தடுப்பது, கால்நடைகள் இஷ்டத்துக்குத் திரிவதைக் கட்டுப்படுத்துவது. விறகு வெட்டவும் விற்கவும் அனுமதி கட்டாயமானது. விறகைக் குறைவாகத் தின்னும் மேம்பட்ட அடுப்புகள் வீடுகளுக்குக் கொண்டுபோகப்பட்டன. ஊருக்கு ஒரு தோப்பு என்று திட்டம் போடப்பட்டது. கல்யாணமோ விருது விழாவோ, விசேஷம் எதுவானாலும் ஒரு மரக்கன்று நட வேண்டும் என்பது வழக்கமாக்கப்பட்டது. அரசுக் குடியிருப்பில் வீடு வேண்டுமா? மரம் வளர்க்க ஒப்புக்கொள்ள வேண்டும். 15 மாதங்களில் 1 கோடி மரங்கள் நடப்பட்டதாக அரசு கணக்குச் சொன்னது.

1986 பிப்ரவரியில் மரங்களையும் காடுகளையும் காப்பதற்கான சர்வதேச மாநாடு பாரிஸில் நடந்தது. அங்கே போன சங்காரா, மரம் நடும் புள்ளிவிவரத்தோடு நிறுத்தவில்லை. பாலைவனத்தோடு போராடுவது முதலில் அரசியல் போராட்டம் என்றார். விண்வெளி ஆராய்ச்சிக்குச் செலவாகும் பெரும் பணத்தில் 1 சதவீதத்தையாவது மரங்களைக் காக்கக் கொடுங்கள் என்று கேட்டார். தன் நாட்டைச் சுரண்டியதாக அவர் குற்றம்சாட்டிய நாட்டின் தலைநகரிலேயே நின்று கேட்டார்.

எல்லாமே சரியாக நடந்ததா?

இல்லை. சங்காராவைக் கொண்டாடுபவர்கள் பலரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுவார்கள்.

அவர் தேர்தலில் ஜெயித்து வந்தவர் கிடையாது. கட்சிகளுக்கு இடமில்லை. 1984ல் வேலைநிறுத்தம் செய்த ஆயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள் ஒரே அடியாக நீக்கப்பட்டார்கள். எழுத்தறிவு மிகவும் குறைந்திருந்த நாட்டில் அது பெரிய அடி. அந்த இடங்களை நிரப்ப அவசரப் பயிற்சி பெற்ற இளைஞர்களை அனுப்பினார்கள். அதே ஆண்டு ஜூனில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாக 7 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஊர்தோறும் அமைக்கப்பட்ட புரட்சிப் பாதுகாப்புக் குழுக்களில் துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள் சில இடங்களில் ரவுடித்தனம் செய்தார்கள். 1985 டிசம்பரில் மாலியுடன் மறுபடியும் 5 நாள் போர். 100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எந்த எல்லைக்காக அந்தப் போரோ, அதை மறுவருடம் சர்வதேச நீதிமன்றம் கோடு போட்டுப் பிரித்துக் கொடுத்தது.

மரம் விஷயத்திலும் பாடம் உண்டு. நடுவது ஒரு நாள் வேலை. வளர்ப்பது பல வருட வேலை. சாஹேலில் கூட்டம் கூட்டி நடப்பட்ட கன்றுகளில் நிறைய, தண்ணீரும் கவனிப்பும் இல்லாமல் காய்ந்துபோவது வழக்கம். அதே புர்கினாவின் வடக்கே, யாத்தெங்கா பகுதியில் யாகூபா சவடோகோ என்ற விவசாயி 1980 வாக்கில் வேறு வழியில் இறங்கினார். கோடையிலேயே குழி தோண்டி, எருவைப் போட்டு, மழைநீரை அந்தக் குழியிலேயே தேக்கினார். பயிரோடு மரமும் தானாக எழுந்தது. முதலில் ஊர்க்காரர்கள் பைத்தியக்காரன் என்றார்கள். பின்னாளில் உலகமே அவரைத் தேடி வந்தது. 2018ல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. இந்தக் குழி முறையும், சரிவில் கல் வரப்பு கட்டும் முறையும் சேர்ந்து புர்கினாவில் லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தை மீட்டன. அரசின் உத்தரவால் தொடங்கி வைக்க முடியும். ஆனா நிலம் தன்னுடையது என்று நினைக்கிற விவசாயிதான் அதை நிலைக்க வைக்க முடியும்.

அடிஸ் அபாபாவில் என்ன நடந்தது?

இனி அந்த அரங்கத்துக்கே திரும்பலாம். சங்காரா பேசியதற்கு முன்னால் அதே நாள் காலையில் நார்வே பிரதமர் க்ரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் அங்கே பேசியிருந்தார். சுற்றுச்சூழலும் வளர்ச்சியும் குறித்து ஐ.நா. அமைத்த ஆணையத்தின் தலைவர் அவர். நீடித்த வளர்ச்சி என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பிய அறிக்கை வந்தது அதே 1987ல்தான். கடன் சுமை ஏழை நாடுகளைத் தங்கள் இயற்கை வளத்தை வரம்பு மீறிச் சுரண்ட வைக்கிறது என்று அந்த அறிக்கையும் எச்சரித்தது. கடன் முழுவதையும் திருப்பிக் கட்டுவது நடக்காது என்று ஒரு ஐரோப்பியத் தலைவரே சொன்னதை சங்காரா தன் பேச்சில் எடுத்துக்காட்டினார்.

காலனியாக வைத்திருந்தவர்களே கடன்காரர்களாக மாறி வந்திருக்கிறார்கள் என்பது அவர் வைத்த முதல் வாதம். கடன் எடுக்க ஆலோசனை சொன்னதும் அவர்கள்தான், எனவே பொறுப்பும் அவர்களுடையது என்பது இரண்டாவது. மறுப்பதால் மிச்சமாகும் பணம் வளர்ச்சிக்குப் போக வேண்டும், ஆயுதம் வாங்கப் போகக் கூடாது என்பது மூன்றாவது. தானும் தன் குழுவினரும் உடுத்தியிருந்த கைத்தறித் துணியைக் காட்டி, இது எங்கள் பருத்தி, எங்கள் நெசவாளர் நெய்தது என்று பெருமையாகச் சொன்னார்.

கைதட்டியவர்கள் யாரும் கூட வரவில்லை. தனியாக மறுத்தால் புதுக் கடன் நிற்கும், வர்த்தகம் முடங்கும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. பயத்துக்குக் காரணமும் இருந்தது.

அந்த 1987 அக்டோபர் 15

வியாழக்கிழமை மாலை. வாகடூகுவில் உள்ள அரசு வளாகத்தில் உதவியாளர்களோடு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆயுதமேந்திய வீரர்கள் உள்ளே புகுந்து சுட்டார்கள். சங்காராவும் வேறு 12 பேரும் கொல்லப்பட்டார்கள். அன்று இரவே நகர எல்லையில் இருந்த மயானத்தில் அவசரமாகப் புதைத்தார்கள். இறப்புச் சான்றிதழில் இயற்கை மரணம் என்று எழுதப்பட்டது. அதிபர் நாற்காலியில் உட்கார்ந்தவர், நண்பர் பிளேஸ் கம்பாவோரே.

மனைவி மரியம், இரண்டு மகன்கள். 4 வருடம் அதிபராக இருந்தவர் விட்டுச் சென்ற சொத்து என்று பார்த்தால் ஒரு பழைய கார், சில சைக்கிள்கள், கிட்டார்கள்.

கடனைப் பற்றிப் பேசவே ஆப்பிரிக்கத் தலைவர்கள் நவம்பர் 30 அன்று அடிஸ் அபாபாவில் சிறப்பு மாநாடு கூட்டினார்கள். தவணை கட்டுவதை நிறுத்தி வைக்க அவகாசம் கேட்டார்கள். கடனை மறுக்கவில்லை. அடுத்த மாநாட்டில் தன்னைப் பார்க்க முடியாது என்றவர் அங்கே இல்லை.

பிறகு என்ன ஆனது?

கம்பாவோரே 1991ல் நாணய நிதியம், உலக வங்கியின் சீர்திருத்தத் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டார். 1994ல் அந்த நாட்டு நாணயத்தின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டது. 1996ல் அதே நிதியமும் உலக வங்கியும் சேர்ந்து, கடனில் மூழ்கிய ஏழை நாடுகளுக்குத் தள்ளுபடித் திட்டம் ஒன்றை அறிவித்தன. புர்கினா பாசோ அதில் பயன்பெற்ற நாடுகளில் ஒன்று. கட்ட முடியாத கடன் என்று சங்காரா சொன்னதில் ஒரு பகுதியை, கடன் கொடுத்தவர்களே கட்ட முடியாதது என்று எழுதி ஒதுக்கினார்கள். அதுக்கு 10 வருடத்துக்கு மேல் ஆனது. அந்த வருடங்களில் படிக்காமல் போன குழந்தைகளுக்கும் பாழான நிலத்துக்கும் யாரும் தள்ளுபடி கொடுக்க முடியாது.

கம்பாவோரே 27 ஆண்டுகள் ஆண்டார். 2014 அக்டோபரில் மக்கள் எழுச்சியில் நாட்டை விட்டு ஓடினார். தெருவில் நின்ற இளைஞர்கள் பலர் சங்காரா இறந்த பிறகு பிறந்தவர்கள். அவர்கள் கையில் இருந்தது அவர் படம். 2022 ஏப்ரலில் கொலை வழக்கில் கம்பாவோரேக்கு அவர் இல்லாமலேயே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

சாம்பியா 2020லும், இலங்கையும் கானாவும் 2022லும் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றன. வெள்ளம், புயல், வறட்சி என்று அடி வாங்கும் ஏழை நாடுகள், அதைச் சரிசெய்யவே புதுக் கடன் வாங்குகின்றன. சங்காரா சொன்ன வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

கடன் ஒன்றும் வெறும் எண் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருப்பிக் கட்டாத நாட்டுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம் கட்டவும், சோலார் மின்நிலையம் அமைக்கவும் யார் பணம் தருவார்கள் என்ற கேள்வி நியாயமானது. கடனை மறந்துவிட்டு மரத்தைப் பார் என்பது தீர்வு ஆகாது. முதலில் கடனை முடி, மண்ணைப் பிறகு பார்க்கலாம் என்பதும் தீர்வு ஆகாது. மண் காத்திருக்காது.

இரண்டையும் ஒரே கணக்கில் வைக்க முடியுமா? முடியும் என்பதற்கு முதல் உதாரணம் சங்காரா பேசிய அதே 1987 ஜூலையில் வந்தது. தென் அமெரிக்காவில் பொலிவியாவின் 6.5 லட்சம் டாலர் கடனை ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு மலிவு விலைக்கு வாங்கித் தள்ளுபடி செய்தது. பதிலுக்குக் காட்டைப் பாதுகாக்க பொலிவியா ஒப்புக்கொண்டது. தொகை சின்னதுதான். ஆனா வழி புதுசு.

2024 ஜூலையில் கரீபியன் தீவு நாடான கிரெனடாவை பெரில் சூறாவளி சூறையாடியது. அந்த நாட்டின் கடன் பத்திரத்தில் ஏற்கெனவே ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. பெரிய புயல் அடித்தால் தவணையைத் தள்ளி வைக்கலாம் என்று. கிரெனடா அதைப் பயன்படுத்தியது. கடன்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தவணைக்கு ஒதுக்கிய பணம் கூரை போன வீடுகளுக்குப் போக வழி கிடைத்தது.

கடனை ரத்து செய்யச் சொன்ன சங்காராவுக்கு இது போதுமானதாகத் தெரிந்திருக்காது. ஆனாலும், கடன் பத்திரத்துக்குள்ளேயே புயலும் மழையும் ஒரு வரியாக வந்து உட்கார்ந்துவிட்டன. அந்த வரி இன்னும் பெரும்பாலான ஏழை நாடுகளின் பத்திரங்களில் இல்லை.